வார்த்தை கேட்காத பாட்டு

செக்காலை, காரைக்குடி
5 ஜனவரி 2025

மெய்யா,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்த தாளை அனுப்பினால் நீ அதை வைத்தே கேலி பேசுவாய் என்று இது புதுத் தாள்.

போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் ஆச்சி, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இரண்டு வருடமாக வந்தபாடில்லை. மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். கூடப்பிறந்தவளுக்குக் காட்டுகிற பதிலா அது? அதனால்தான் உட்கார்ந்து எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பாண்டிமுருகன் வெல்டிங் பட்டறையைப் பூட்டிவிட்டு நேராக நம் ஷெட்டுக்கு வந்தான். இன்னமும் சனிக்கிழமை சனிக்கிழமை அவன் டிரம் அடிக்கிறான், நான் டெத் மெட்டல் குரலில் உறுமிப் பாடுகிறேன். நீ கிதாரோடு நின்ற மூலையில் அம்மா வடகம் காயவைக்கும் தட்டுகளை அடுக்கிவிட்டாள். வந்ததும் வராததுமாக, "அக்கா, மெய்யண்ணே ஆல்பம் போட்டுருக்காக. நாலாவது பாட்டைக் கேளுங்க" என்று போனை நீட்டினான்.

முதல் தடவை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ தெருவில் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு அதன்மேல் தகரத்தை எறிந்த மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை, நடுவில் கிதார் ஒரு சுரம் கீழே இறங்கி நிற்கிற இடம் வந்ததும் போனைப் பிடுங்கித் திரும்ப ஓட்டிக் கேட்டேன். அது நம் 'தாரை'.

வயசு வந்த ஆண்பிள்ளையைப் பிள்ளை இல்லாத இன்னொரு வீட்டுக்குச் சுவீகாரம் கொடுக்கிற நம் ஊர் வழக்கத்தை, என் ஹோட்டலுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ரிசப்ஷனில் நின்று சிரித்துக்கொண்டே விளக்குகிறேன். அவர்கள் வியந்து போகிறார்கள். எனக்கு அது வியப்பு இல்லை. உன்னைப் பள்ளத்தூர் முருகப்பன் வீட்டுக்கு நம்மைப் பெற்ற அப்பச்சி பிள்ளையாகக் கொடுத்த மறுவாரம், என் தம்பியின் இனிஷியல் மாறிப்போன மறுவாரம், அழுது முடித்துவிட்டு நான் எழுதிய பாட்டு அது. நீ லீவுக்கு வந்தபோது படித்தாய். கிதாரை எடுத்து அந்தச் சுரத்தில் இறங்கினாய். நாம் மூன்று பேரும் ஒன்பது நிமிடப் பாட்டாக அதைச் செய்தோம்.

அதை நீ மூன்று நிமிடமாக்கி, எவனோ ஒருவனைப் பாட வைத்திருக்கிறாய். 'வரிகள்: சௌபர்ணிகா' என்று போட்டிருக்கிறாய், ரொம்ப நன்றி. அந்த வரிகளில் ஒன்றாவது கேட்கிறதா? ஒரு சொல்? அந்த ஆள் சாக்கடை அடைப்பு எடுக்கிற சத்தம் போடுகிறார்.

என்னிடம் ஏன் கேட்கவில்லை? ஒன்று அதை எடுத்துவிடு, இல்லை என் குரலில் போடு. பதில் எழுது.

சௌபர்ணிகா

*

சென்னை
13 ஜனவரி 2025

அன்புள்ள ஆச்சிக்கு,

உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

உன் கடிதத்தைக் கம்பெனியில் வைத்துத்தான் பிரித்தேன். பக்கத்து சீட்டு தீக்ஷா எட்டிப் பார்த்து "பாட்டி லெட்டரா?" என்றாள். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம் என்றேன். இரண்டு வரி படித்துவிட்டு, "பாட்டி மாதிரிதான் திட்றாங்க" என்றாள்.

கோபப்படுவாய் என்று தெரியும். நிதானமாகக் கேள். பெங்களூர்ப் பையன்கள் நாலு பேரும் டெத் மெட்டலில் ப்ரூட்டல், ஸ்லாம் என்கிற முரட்டு வகைகளை வாசிக்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு கிதார்க்காரன் வேண்டியிருந்தது, என்னிடம் பாட்டுகள் இருந்தன. மார்ச்சில் அங்கே ஒரு பெரிய விழா இருக்கிறது. ஆல்பம் வெளியிடுகிறவர் தெளிவாகச் சொல்லிவிட்டார், 'தாரை' மாதிரி மெதுவான டூம் போட்டால் ஆள் நிற்காது, ஒன்பது நிமிடத்தில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று. ஸ்லாம் என்றால் முதல் இடியிலேயே கூட்டம் ஆடும். அதனால் வேகத்தைக் கூட்டினோம், இரண்டு பகுதியை வெட்டினோம். அவ்வளவுதான்.

வார்த்தை கேட்கவில்லை என்கிறாய். அந்த வகையில் வார்த்தை கேட்காது ஆச்சி, அதுதான் அதன் இலக்கணம். குரல் அங்கே இன்னொரு வாத்தியம். நம் அம்மாவைக் கேட்டால் நீ பாடுகிறதிலும் ஒன்றும் கேட்கவில்லை என்றுதானே சொல்வாள்? உனக்குத் தொண்டைக் கட்டு என்று நினைத்துச் சித்தரத்தையைத் தட்டிப் போட்டுக் கொடுத்தவள் அல்லவா.

எல்லாம் டெத் மெட்டல்தான். வேகம் மாறினால் பாட்டு மாறிவிடுமா? கிதார் நான் போட்டது, வரிகள் நீ எழுதியது, உன் பெயரும் இருக்கிறது. மார்ச் விழாவுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைக்கிறேன். பாண்டியையும் கூட்டிக்கொண்டு வா. நேரில் கேட்டால் உனக்கே பிடிக்கும்.

அப்பச்சிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? விசாரித்ததாகச் சொல்.

மெய்யநாதன்

*

செக்காலை
19 ஜனவரி 2025

மெய்யா,

'எல்லாம் டெத் மெட்டல்தான்' என்று எழுதியவன் நீதானா? தீக்ஷா எழுதிக் கொடுத்தாளா?

பள்ளத்தூர் பஸ்ஸில் காலேஜுக்குப் போய் வரும்போது ஒரு இயர்போனை என் காதில் செருகிவிட்டு "இது எந்த வகை, சொல்லு" என்று பரீட்சை வைத்தவன் நீ. தப்பாகச் சொன்னால் இயர்போனைப் பிடுங்கிக்கொள்வாய். கண்டக்டர், "என்னம்மா தம்பி அடிக்கிறானா?" என்று கேட்டார். எனக்கு அந்த இரைச்சலில் ஒரு வித்தியாசமும் தெரியாது அப்போது. நீதான் தெரிய வைத்தாய். பழைய பாணி என்றால் குரல் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தாலும் வார்த்தையும் கூடவே வரும் என்றாய். மெலோடிக் என்றால் இரண்டு கிதாரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அழும், குரல் மேலே ஏறிக் கிழியும். டெக்னிக்கல் பாட்டைப் போட்டுத் தாளத்தை எண்ணச் சொல்வாய், நான் எண்ணி முடிப்பதற்குள் செக்காலை வந்துவிடும். அந்த வகை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, பாட்டுக் கேட்கிறேனா கணக்குப் போடுகிறேனா என்று இருக்கும்.

டூம் மட்டும் நீ எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். அந்த மெதுவில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். கேட்கிறவனும் காத்திருக்க வேண்டும். தப்பிக்க முடியாது. அதனால்தான் 'தாரை' டூம்.

ஸ்லாமை நான் குறை சொல்லவில்லை. ஆடட்டும், கூட்டம் முட்டி மோதட்டும், அதற்கும் ஒரு சுகம் இருக்கிறது. பாண்டிமுருகனுக்கு அதுதான் உயிர். ஆனால் இனிக்கிற கந்தரப்பத்துக்கும் உப்புப் போட்ட வெள்ளைப் பணியாரத்துக்கும் ஊற வைப்பது ஒரே அரிசி, ஒரே உளுந்து. அதற்காகக் கல்யாண வீட்டில் ஒன்றைக் கேட்டவர்களுக்கு இன்னொன்றைப் போட்டுவிட்டு 'எல்லாம் பலகாரம்தான்' என்று சொல்வாயா? சம்பந்தக்காரர்கள் இலையை மூடிவிட்டு எழுந்து போவார்கள்.

என் வரிகளை நீ மறந்திருப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

*கன்றைக் கேட்கவில்லை, கயிற்றைக் கொடுத்தான்
பெற்றவன் கொடுத்தான், பெரியவன் கொடுத்தான்
தாரை வார்த்த தண்ணீர் வாசலில்
இன்னும் காயவில்லை, இன்னும் காயவில்லை*

இது யாருக்கு எழுதியது? பெங்களூர்க் கூட்டம் ஆடுவதற்கா? இது அப்பச்சிக்கு எழுதியது. மூத்தவர் நாச்சியப்ப அண்ணன் சிங்கப்பூரில், இருந்த ஒரு தம்பியையும் வாரிக் கொடுத்துவிட்டு, மறுநாள் எதுவுமே நடக்காத மாதிரி பாத்திரக்கடையைத் திறந்தாரே, அந்த மனுஷருக்கு எழுதியது. அன்றையிலிருந்து நான் அவரிடம் பேசவில்லை. உனக்குத் தெரியாதா? தெரியும். அவருக்குச் சாப்பாடு போட்டால் தட்டை நகர்த்தி வைப்பேன், அவ்வளவுதான். சாவி வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பேன், அவர் பக்கத்திலேயே நிற்பார். முட்டி வலியை விசாரித்ததாக நீயே சொல்லிக்கொள்.

நீ கிளம்பின அன்றைக்குக் காரில் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்தக் கண்ணுக்காகத்தான் இரண்டு வருடமாகப் பெற்ற தகப்பனை முறைத்துக்கொண்டு இருக்கிறேன். நீ என்னடா என்றால் அந்த வார்த்தைகளைக் கொண்டுபோய்ச் சத்தத்துக்குள் புதைத்துவிட்டு, டிக்கெட் எடுத்து வைக்கிறேன் என்கிறாய்.

பள்ளத்தூர்க்காரர்களுக்குப் பயப்படுகிறாயா? அப்படியானால் அதைச் சொல். நான் பயப்படப் போவதில்லை. நாம் ஷெட்டில் பதிந்த ஒன்பது நிமிடப் பாட்டு என்னிடம் இருக்கிறது. அதை நான் யூடியூபில் போடப் போகிறேன், வார்த்தைகளைத் திரையில் எழுதி, யாருடைய வீட்டுக் கதை என்றும் எழுதி. பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை.

உன் நம்பரைத் தடுத்துவிட்டேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது.

சௌபர்ணிகா

*

சென்னை
27 ஜனவரி 2025

அன்புள்ள ஆச்சி,

தயவுசெய்து போடாதே.

இந்த வீட்டில் என்னோடு இருக்கிற பள்ளத்தூர்க்காரர்கள் நல்லவர்கள். இங்கே அப்பச்சி (முருகப்பன் அப்பச்சியைச் சொல்கிறேன்) நான் கிதார் வாசித்தால் கதவைச் சாத்தச் சொல்வதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். புரியவில்லை என்று சொல்லிக்கொண்டே தலையை ஆட்டுவார். அவர் காதில் 'கயிறு', 'கன்று' என்றெல்லாம் விழுந்தால் என்ன நினைப்பார்? அவர் யாரையும் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வரவில்லை.

செக்காலை அப்பச்சியிடமும் பேசு. இரண்டு வருடமாகப் பேசவில்லை என்று நீ எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் மேல் அவ்வளவு கோபம் வேண்டாம். காரணம் கேட்காதே, வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆல்பத்திலிருந்து அந்தப் பாட்டை எடுக்கச் சொல்லிப் பார்க்கிறேன். உறுதி கொடுக்க முடியாது. நீ மட்டும் அதைப் போடாதே.

மெய்யநாதன்

*

செக்காலை
3 பிப்ரவரி 2025

மெய்யா,

இங்கே அப்பச்சி, செக்காலை அப்பச்சி! பெற்றவருக்கு ஊர்ப் பேரை முன்னால் போட வேண்டிய நிலைமை வந்துவிட்டது. சரி.

அவர் மேல் கோபம் வேண்டாம், காரணம் கேட்காதே என்கிறாய். உனக்கு அவரிடம் இன்னும் இரக்கம் இருக்கிறது பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அறுபட்ட ஆட்டுக்கு வெட்டினவன் மேல் இரக்கமா?

இன்னொன்றும் சொல்கிறேன். அப்பச்சிக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் எதையும் செய்யக் கூடாது என்று, ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட உட்கார்ந்தபோது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அந்தப் பாட்டைப் போட்டேன். ஒன்பது நிமிடமும் ஓடியது. அவருக்குப் புரியாமல் போகக் கூடாது என்று வரிகளை நானே வாசித்தும் காட்டினேன். இரண்டு வருடத்தில் என் வாயிலிருந்து அவர் கேட்டது அதுதான். அம்மா கையில் கரண்டியோடு நடு வீட்டில் அப்படியே நின்றுவிட்டாள்.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால் கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நல்லாத்தான் இருக்குத்தா. மெய்யன் நல்லா வாசிச்சிருக்கான். சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறச்சு வச்சுக்க, பக்கத்து வீட்டுல பச்சப் புள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அம்மா, "போதுமா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வெங்காயம்" என்றாள். அன்றைக்கு வெங்காயமே நறுக்கவில்லை.

இந்த வீட்டில் எல்லாரும் வாயைப் பூட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். நீ சத்தத்தில் மறைக்கிறாய், அவர்கள் மௌனத்தில் மறைக்கிறார்கள். வார்த்தையை வார்த்தையாகச் சொல்கிறவள் நான் ஒருத்திதான். பதினாறாம் தேதி போடுகிறேன். வேண்டாம் என்றால் சரியான ஒரு காரணம் சொல்.

சௌபர்ணிகா

*

சென்னை
13 பிப்ரவரி 2025

ஆச்சி,

இதை எழுதி எழுதிக் கிழித்ததில் இத்தனை நாள் ஓடிவிட்டது.

காரணம் கேட்டாய். உன் பாட்டு பொய். அதுதான் காரணம்.

என்னை யாரும் கொடுக்கவில்லை. நானாகப் போனேன். பள்ளத்தூர் வீட்டைப் படம் எடுக்க ஒரு கம்பெனி ஆட்களோடு போனேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குத்தான் முருகப்பன் அப்பச்சி வீட்டாரைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டே பேர். பிறகு ஒன்றுமில்லாத வேலையைச் சொல்லிக்கொண்டு அடிக்கடி போனேன். அவர்கள் சுவீகாரத்துக்குப் பிள்ளை கூட்டப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், என்னை எடுத்துக்கொள்கிறீர்களா என்று நானேதான் கேட்டேன். அவர்களே திகைத்துப் போனார்கள். "வீட்டுல சம்மதிப்பாகளா தம்பி?" என்றார்கள்.

அப்பச்சி சம்மதிக்கவில்லை. மூன்று மாதம் மாட்டேன் என்றார். நான் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினேன். வயிறு சரியில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது இதுதான். கடைசியில் ஒருநாள் கடையில் வைத்து, "சரிடா, போ. ஆனா ஆச்சிகிட்ட நீயே சொல்லிரு" என்றார். நான் சொல்ல மாட்டேன் என்றேன். நீங்களே முடிவு செய்ததாக இருக்கட்டும் என்றேன். அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்தார்.

ஏன் போனேன் என்று கேட்பாய். அந்தத் தகர ஷெட்டில், முட்டை அட்டைகளை ஒட்டி, பாண்டி பட்டறையிலிருந்து வருகிறவரை காத்திருந்து, கரண்ட் போனால் பாதியில் நிறுத்தி, இப்படியே முப்பது வயது வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. உனக்கு அது போதும். நீ சனிக்கிழமை கத்திவிட்டுத் திங்கட்கிழமை ரிசப்ஷனில் சிரிப்பாய். எனக்குப் போதவில்லை. அண்ணன் போட்ட சட்டை, அண்ணன் ஓட்டின வண்டி, உன்னோடு பங்கு போட்ட அறை. ஒரு வீட்டில் நான் ஒருத்தன் மட்டும் பிள்ளையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டது குற்றமா?

காரில் நான் அழவில்லை. வாசலில் கொளுத்தின சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டுவிட்டது.

லீவுக்கு வந்தபோது நீ அந்த வரிகளை நீட்டினாய். நீ என்னை ஒரு கன்றுக்குட்டியாக்கி வைத்திருந்தாய். இல்லை ஆச்சி, நானே நடந்து போனேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. கிதாரை எடுத்தேன். அதன் பிறகு அந்தப் பாட்டை எங்கே வாசித்தாலும் 'கன்று' வருகிற இடத்தில் எனக்கு உடம்பு கூசும். நடந்து போனவனை இழுத்துப் போனதாக எத்தனை தடவை கேட்பது? பாட்டை விடவும் மனசில்லை, நான் போட்டதிலேயே நல்ல கிதார் அதுதான். அதனால் வார்த்தை கேட்காத வகைக்கு மாற்றினேன். வெளியிடுகிறவர் சொன்னார், கூட்டம் ஆடும் என்பதெல்லாம் நான் உனக்குச் சொன்ன சமாதானம். ஸ்லாமாக மாற்றலாம் என்று முதலில் சொன்னதே நான்தான்.

இப்போது தெரிந்துவிட்டதா? இனி நீ என்னை வெறுக்கலாம். ஆனால் என்னைப் பற்றி இல்லாத ஒன்றை ஊர் முழுக்கப் பாடாதே. கன்றுக்குட்டி ஆனதில் எனக்கும் கோபம் உண்டு.

மெய்யநாதன்

*

செக்காலை
2 மார்ச் 2025

மெய்யநாதனுக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பாட்டை நான் ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிட்டேன்.

தேதி உனக்குத் தெரியும். என் போனில் மட்டும்தான் உன்னைத் தடுத்திருந்தேன். பாண்டிமுருகன் நம்பர் உன்னிடம் இருக்கிறது. அம்மா நம்பர் இருக்கிறது. கடையில் போன் இருக்கிறது. ஒரு வார்த்தை, 'போட வேண்டாம், நானாகத்தான் போனேன்' என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நீ வியாழக்கிழமை எழுதிக் கூரியரில் போட்டாய். வந்து சேர்ந்தால் சரி, சேராவிட்டாலும் சரி என்று போட்டாய். அப்படி இல்லை என்று நினைக்க ரொம்பவும் முயற்சி செய்து பார்த்தேன். முடியவில்லை.

கடிதத்தைப் படித்ததும் பாட்டை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் இருந்தது. இரண்டு நாள் போதும் நம் ஆட்களுக்கு. டெத் மெட்டல் கேட்கிறவர்கள் எழுபது பேர் கேட்டிருப்பார்கள். சொந்தக்காரர்கள் குரூப்பில்தான் சுற்றோ சுற்று என்று சுற்றியது. யாரும் பாட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள், திரையில் நான் எழுதியதைப் படித்திருப்பார்கள். புரியும்படி எழுத வேண்டும் என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்.

போன ஞாயிறு கண்டனூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். அப்பச்சியும் அம்மாவும் போனார்கள். நான் போகவில்லை, போக முகம் இல்லை. பந்தியில் வைத்து ஒருவர் கேட்டாராம், "என்ன முத்துக்கருப்பா, பெத்த பொண்ணே ஒன்னைய இப்படிப் பாடி வச்சிருக்கு. பையன் வேண்டாம் வேண்டாம்னுதான் அழுதானாமே?" என்று. பக்கத்தில் நாலு பேர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். அப்பச்சி, "ஆமா. நான்தான் கொடுத்தேன். அதுக்கென்ன இப்ப?" என்றாராம். அம்மா வந்து சொன்னாள்.

அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். நாச்சியப்ப அண்ணனுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. எனக்குத் தெரியாமல் இருப்பதற்காக ஒரு வீடே நடித்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் அதன் நடுவில் நின்று உறுமிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் கடைக்குப் போனேன். ஒரு கிராமத்து அம்மாள் இட்லிக் கொப்பரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போகிறவரை நின்றேன். பிறகு, "அப்பச்சி" என்றேன். எவ்வளவு கீழே வேண்டுமானாலும் போகிற என் குரல் அன்றைக்கு அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "ஒக்காரு. டீ சொல்லவா?" என்றார். நேற்றும் பேசிக்கொண்டிருந்தவளிடம் கேட்கிற மாதிரி.

"ஏன் சொல்லல நீங்க? நான் அந்தப் பாட்டை வாசிச்சுக் காட்டுனப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்தார். பிறகு சொன்னார்: "சொன்னா அவன்கிட்ட நீ பேச மாட்டே. அவன் தூரத்துல இருக்கான், விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சுதான். எங்கிட்டப் பேசாட்டி என்ன, நான் இங்கனக்குள்ளதானே கெடக்கேன். என்னைக்காச்சும் பேசிக்கலாம்னு இருந்தேன்."

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். கடைக்கு வந்த ஆட்கள் பாத்திரம் விலை கேட்காமலே திரும்பிப் போனார்கள்.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ ஆசைப்பட்டது குற்றமா என்று கேட்டிருந்தாய். இல்லை. நீ போனது குற்றமே இல்லை. ஷெட் போதவில்லை, பங்கு போட்ட அறை போதவில்லை, நான் போதவில்லை. அது வலிக்கிறது, ஆனால் குற்றம் இல்லை. என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு மாதம் சண்டை போட்டிருப்பேன், அப்புறம் உனக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்திருப்பேன். நீ என்ன செய்தாய் தெரியுமா? உனக்கு வர வேண்டிய கோபத்தை எடுத்து அப்பச்சி தலையில் வைத்துவிட்டு, அந்தக் கோபத்துக்கு நீயே உட்கார்ந்து கிதாரும் வாசித்தாய். நீ போட்டதிலேயே நல்ல கிதார் என்று பெருமை வேறு.

பெங்களூர்ப் பாட்டை எடுத்துவிடு என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தேன். எடுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். இன்னும் கீழே போகச் சொல் அந்தப் பாடகரை. டிரம்மை இன்னும் வேகமாக அடிக்கச் சொல். அந்த வரிகளில் ஒரு சொல்லும் ஒருத்தர் காதிலும் விழக் கூடாது. எழுதினவள் நான், சொல்கிறேன். 'வரிகள்' என்று போட்டிருக்கிற இடத்தில் என் பெயரை மட்டும் எடுத்துவிடு. டிக்கெட் அனுப்ப வேண்டாம்.

அப்பச்சி உன் கடிதத்தைப் பற்றிக் கேட்டார். "மெய்யன் என்னத்தா எழுதியிருக்கான்?" என்று, எதேச்சையாகக் கேட்கிற மாதிரி முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டு. உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறான் என்று சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அவனுக்கு அது தெரியும்த்தா, நல்ல பய" என்றார்.

அதற்கப்புறம் உள்ளே போய் உன் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தேன், நான் கவனிக்காமல் எங்கேயாவது அந்த ஒரு வார்த்தை இருந்துவிடாதா என்று. நாலு பக்கத்திலும் இல்லை.

சௌபர்ணிகா